வட்டலப்பத்துக்கு ஒதுக்கிய இடம்

முந்திய ஆண்டின் நோன்புப் பெருநாள் காலை. கீழக்கரையில், தொழுகை முடிந்து வீடு கூடியபோது, எங்கள் முன் பீங்கான் தட்டொன்று வைக்கப்பட்டது. அதில் சதுரமாக வெட்டிய வட்டலப்பம் இரண்டு துண்டுகள். தலைப்பிறை கண்ட இரவில், எங்களுக்கென்றே உம்மா விழித்திருந்து அவித்தது. நாங்கள் தட்டைப் பார்த்தோம், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், "வேண்டாம் உம்மா, சர்க்கரை கூடிக் கிடக்கிறது" என்றோம்.

அவர்கள் எதுவும் மறுத்துச் சொல்லவில்லை. "சரி, உடம்புதானே முக்கியம்" என்று சொல்லி, இன்னொரு தட்டை எடுத்து அதன்மேல் கவிழ்த்து மூடிவிட்டுப் போனார்கள். மாலையில் அசர் தொழுகைக்கு எழுந்தபோதும் அந்தத் தட்டு மூடியபடியே மேசையில் இருந்தது. கீழக்கரை வழக்கில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து தங்குவார். மாப்பிள்ளைக்கு முன் வைத்த பண்டம் திரும்பிப் போவது எளிய செய்தியன்று. எங்களில் ஒருவர் அந்த வீட்டில் பிறந்தவர், மற்றவர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். இருவருமே அன்று அந்த மூடிய தட்டைக் கடந்து போகக் கூசினோம்.

இத்தனைக்கும் நாங்கள் சொன்னது உண்மை. மாப்பிள்ளையானவருக்கு நீரிழிவு வந்து ஏழு ஆண்டுகள். அந்த ஷஅபான் மாதத்தில் எடுத்த பரிசோதனையில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8.4 என்று வந்தது. மற்றவருக்கு நோய் இன்னும் உள்ளே வரவில்லை. வாசலில் நிற்கிறது என்றார் மருத்துவர். நோன்பு வைக்க அனுமதித்தார். மாத்திரைகளின் வேளையை மாற்றினார். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். நாங்களும் அதைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். அந்தத் தாளுக்கு அடுத்த அறையில் அமர்ந்துதான் முப்பது மாலையும் நாங்கள் உண்டவற்றை உண்டோம்.

என்ன உண்டோம் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். பேரீத்தம்பழம், நோன்புக் கஞ்சி: இவை இரண்டும் இருந்தன. அவற்றோடு கடையில் வாங்கிய சமோசா. அது தீர்ந்தால் வடை. அதுவும் போதாவிட்டால் பஜ்ஜி. ரோஸ் சர்பத் ஆளுக்கு இரண்டு குவளை, அதில் மிதக்கும் சப்ஜா விதையைக் காட்டி "குளிர்ச்சி" என்று ஒரு சமாதானம். சென்னையில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் முனையில், அசருக்குப் பின் எண்ணெய்ச் சட்டிகள் வரிசையாகக் கொதிக்கத் தொடங்கும். அந்த மணம் மாடிவரை ஏறி வரும். பசித்த வயிற்றோடு கடைக்குப் போகிறவன் கையில் பை கனத்துத் திரும்புவதில் வியப்பில்லை.

ஆக, முப்பது நாள் யாரோ முகமறியாதவர் பொரித்ததையெல்லாம் கேள்வியின்றி உண்டுவிட்டு, முப்பத்தோராம் நாள் உம்மாவின் வட்டலப்பத்திடம் வந்து நாங்கள் பேணுதலைக் காட்டினோம். அன்று இரவு இந்த வரிசை எங்களுக்கு விளங்கியபோது உறக்கம் வரவில்லை.

பிறகு வந்த ஷவ்வால் மாதத்தின் ஆறு நோன்புகளை, மருத்துவரிடம் மீண்டும் கேட்டுக்கொண்டு, ஒரு சோதனையாக வைத்துக்கொண்டோம். நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்ப்பது. மூன்று நாள் பழைய வழக்கப்படி உண்பது, மூன்று நாள் பேரீத்தம்பழமும் கஞ்சியும் மட்டும். (பகலிலும் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கலாம், அதனால் நோன்பு முறியாது என்றே ஆலிம்கள் கூறுகின்றனர். இதை அறியாமல் நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சிப் பார்க்காமலேயே மயங்கி விழுந்தவர் எங்கள் உறவிலேயே உண்டு.) சமோசாவும் சர்பத்தும் உண்ட ஒரு நாளில் 268. கஞ்சியோடு நிறுத்திய ஒரு நாளில் 171. எண்களைப் பார்த்து இருவரும் சற்று நேரம் பேசாதிருந்தோம்.

எண்ணெயையும் அளந்தோம். வீட்டிலேயே இருபது சமோசாக்கள் பொரித்தோம். பொரிக்குமுன் எண்ணெயை அளவுக் குவளையில் ஊற்றிக் குறித்துக்கொண்டு, பொரித்து ஆறிய பின் வடிகட்டி மறுபடி அளந்தபோது 180 மில்லி குறைந்திருந்தது. ஒரு சமோசாவுக்கு 9 மில்லி. கொழுப்பு எதுவாயினும் கிராமுக்கு 9 கலோரி. ஆகவே மாவையும் உள்ளீட்டையும் சேர்க்காமல், குடித்த எண்ணெயால் மட்டும் ஒரு சமோசாவுக்கு ஏறத்தாழ 75 கலோரி. இது புதிய எண்ணெயில், நிதானமான சூட்டில், வீட்டில் பொரித்த கணக்கு. தெருமுனைச் சட்டியின் கணக்கு அதற்கே வெளிச்சம். சர்பத்தில் இரண்டு மேசைக்கரண்டிப் பாகு ஊற்றினால் 25 கிராம் அளவுக்குச் சர்க்கரை; கிராமுக்கு 4 கலோரி வீதம் குவளைக்கு 100.

மாலைக்கு மூன்று பொரித்த பண்டங்களின் எண்ணெய், இரண்டு குவளை சர்பத்: 425 கலோரி. முப்பது மாலைக்கு 12,750. இந்த எண்ணை வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

இவ்விடத்தில் எங்களுக்கே ஓர் ஐயம் எழுந்தது. அல்லாஹ் அளித்த ரிஸ்கை இப்படித் தராசில் நிறுத்துக் கணக்குப் பார்ப்பது நன்றியின்மை ஆகாதா? நன்றி செலுத்தும் மாதத்தில் கலோரி எண்ணுகிறவன் எதை வணங்குகிறான்? எங்கள் மஹல்லாவின் இமாமிடம் கேட்டோம். வயதில் இளையவர். அவர் சிரித்துக்கொண்டே, "எண்ணி உண்பது நன்றியின்மை என்றால், எண்ணாமல் உண்டு மருத்துவமனையில் படுப்பது என்னவாம்?" என்று கேட்டார். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்னும் கருத்தில் அமைந்த அல் அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தை நினைவூட்டினார். அதில் உண்பதற்கான அனுமதி முதலில் வருகிறது, எச்சரிக்கை பிறகுதான் வருகிறது என்றும் சொன்னார். வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்குமாக மூன்றாகப் பகுக்கும் நபிமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். மேடைகளில் அது அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்லி முடித்தபின் பரிமாறப்படும் பிரியாணியைப் பார்த்தால் மூச்சுக்கான பங்கு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் எங்களுக்குப் பெரிதும் உதவியது வேறொரு செய்தி. அண்ணலார் (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பியிருக்கிறார்கள். எந்த உணவையும் அவர்கள் குறை கூறியதில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். இரண்டும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளவை. இனிப்பை விரும்புவதே குற்றமென்று எண்ணித் தலைகுனிய வேண்டியதில்லை என்பது முதற்செய்தியால் தெளிந்தது. இரண்டாவது செய்தி, வேண்டாததை வம்பில்லாமல் விட்டுவிடலாம் என்ற துணிவைத் தந்தது. இத்தனை காலமும் நாங்கள் இரண்டையும் தலைகீழாகச் செய்துவந்திருக்கிறோம்: விருப்பமே இல்லாததைக் கை நீட்டி எடுத்தோம், விரும்பியதைக் குறை சொல்லித் தள்ளினோம்.

உண்மையைச் சொன்னால், அந்தச் சமோசாவை நாங்கள் விரும்பியதே இல்லை. மூன்றாம் நோன்புக்குப் பிறகு அதன் சுவையை நாக்கு கவனிக்கவும் இல்லை. பாங்கு ஒலித்ததும் கை அங்கே போகும், அவ்வளவுதான். ஆகவே அதை விட்டபோது வலிக்கவில்லை. சர்பத் கொஞ்சம் வலித்தது. முதல் பத்து நாள் வெறும் நீரும் எலுமிச்சையும் தொண்டையில் ஏமாற்றமாக இறங்கின. பிறகு அந்த ஏமாற்றமும் பழகிவிட்டது.

கஞ்சியை விடவில்லை, விடவும் மாட்டோம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, புதினா, கொஞ்சம் கொத்துக்கறி, முடிவில் தேங்காய்ப்பால். தேங்காய்ப்பாலைப் பாதியாக்கினோம், வெந்தயத்தைக் கூட்டினோம். பள்ளிவாசலில் வாளியோடும் தூக்குச் சட்டியோடும் வரிசையில் நிற்கும் பிள்ளைகளில், நம் மார்க்கத்தைச் சேராத அண்டை வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்தக் கஞ்சிக்கென்றே அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. ஊரே ஒரே அண்டாவிலிருந்து பருகும் ஒன்றை, கலோரி என்னும் ஒற்றைச் சொல்லால் நாங்கள் எடைபோட விரும்பவில்லை. எடைபோட்டாலும் அது தப்பிக்கும் என்பது வேறு.

கடல்பாசிக்கும் விடுதலை கிடைத்தது. அதன் கதை சுவையானது. இராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசி வகைகளிலிருந்து எடுக்கப்படும் அகர், தன்னளவில் உடலுக்குக் கலோரி எதையும் தருவதில்லை எனலாம். குற்றமெல்லாம் நாம் அதில் ஊற்றும் கெட்டிப் பாலிலும் சர்க்கரையிலும்தான். இளநீரில் காய்ச்சி, உள்ளிருக்கும் வழுக்கையை நறுக்கிப் போட்டு உறைய வைத்தோம். பிள்ளைகள் முகம் சுளிக்காமல் உண்டார்கள்.

வலீமா விருந்துக்கு வழி தேடுவது கடினமாக இருந்தது. அழைப்பை ஏற்பது கடமை. போனால் சஹன் வரும். ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது, தன் பங்கு இவ்வளவு என்று யார் எண்ண முடியும்? எங்களில் ஒருவர் சில மாதம் அதற்காகவே விருந்துகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். அது தவறு என்று இப்போது தோன்றுகிறது. தன் முன்னால் இருப்பதிலிருந்து உண்ண வேண்டும் என்ற ஒழுங்கு சஹனுக்கு உண்டு. அதை உண்மையாகவே பின்பற்றி, பேசிக்கொண்டே மெதுவாக உண்டால், வேகமாக உண்பவர்கள் நம் வேலையைக் குறைத்துவிடுகிறார்கள். கறித்துண்டைப் பக்கத்தில் இருப்பவருக்கு நகர்த்துவது பழைய பண்பாடு. அதற்கு இப்போது எங்களிடம் கூடுதலாக ஒரு காரணமும் இருக்கிறது.

தொதலுக்கு மட்டும் ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் மணிக்கணக்கில் கிளறி, எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்த அந்தக் கறுத்த பண்டத்தை ஊரில் இருக்கும்போது கட்டைவிரல் அளவு உண்போம். பெட்டியில் கட்டிச் சென்னைக்குக் கொண்டு வருவதில்லை. சென்னையில் அதை நாங்கள் ஒருநாளும் அமர்ந்து உண்டதில்லை. நள்ளிரவில் நின்றபடி, விளக்குப் போடாமல், கத்தியால் சீவிச் சீவி உண்டதுதான் வரலாறு.

சாக்குகளைப் பற்றியும் ஒரு சொல். கருப்பட்டி இயற்கையானது, சர்க்கரை ஏறாது என்பார்கள். எங்கள் கருவியில் ஏறியது. அதில் பெரும்பங்கு வெல்லச்சத்துத்தான், பனையிலிருந்து வந்தது என்பதற்காக இரத்தம் அதை மன்னிப்பதில்லை. பேரீத்தம்பழம் சுன்னத்து என்பார்கள், உண்மை. சிறிய பழம் மூன்றில் 70 கலோரிதான். ஆனால் பெரிய மெட்ஜூல் பழம் ஒன்றே 65ஐத் தொடும். அதற்குள் முந்திரியைத் திணித்து மேலே சாக்லேட்டைப் பூசிவிட்டு சுன்னத்தின் பெயரைச் சொல்வது, சுன்னத்துக்குச் செய்யும் மரியாதையன்று.

வட்டலப்பத்துக்கு வருகிறோம். அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் போனபோது உம்மா அதைச் செய்யவில்லை. கேட்டோம். "சாப்பிட ஆளில்லாத பண்டத்துக்குப் பத்து முட்டையை எதுக்கு உடைக்கணும்?" என்றார்கள். குரலில் கோபமில்லை. அதுதான் எங்களை வருத்தியது. உடனே ஒரு தியாகம் செய்வதாக எண்ணிக்கொண்டு, கருப்பட்டிக்குப் பதிலாகக் கடையில் விற்கும் செயற்கை இனிப்புப் பொடியைச் சேர்த்து, அவர்கள் அடுக்களையிலேயே நாங்கள் வட்டலப்பம் அவித்தோம். வந்தது வெளிறிய நிறத்தில் ஒரு முட்டைக் கட்டி. கருப்பட்டி இனிப்புக்கு மட்டுமல்ல, நிறத்துக்கும் மணத்துக்கும் உடம்புக்கும் அதுதான் ஆதாரம் என்பது அவிந்த பிறகே தெரிந்தது. பொடியின் கசப்பு நாக்கின் பின்பகுதியில் நெடுநேரம் தங்கியது. நாங்கள் ஒரு கரண்டிக்கு மேல் உண்ணவில்லை. பிள்ளைகள் தொடவில்லை. வீண்விரயம் கூடாது என்று உம்மாதான் மூன்று நாளும் காலைப் பசியாற அதையே எடுத்துக்கொண்டார்கள், ஒரு சொல்லும் சொல்லாமல். கலோரி குறைந்த பண்டம் எங்களுக்கு அதிக விலையானது அப்போதுதான்.

அடுத்த ரமலான் வந்தது. மேலே சொன்னபடி இருந்தோம். ஒன்றிரண்டு மாலை வழுக்கி விழுந்ததையும் மறைக்கவில்லை. இருபத்தேழாம் கிழமை இரவில் பள்ளியில் கொடுத்த சமோசாவை இருவருமே உண்டோம், சூடாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. பெருநாளுக்கு நான்கு நாளைக்கு முன் உம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, "வட்டலப்பம் வேண்டும்" என்றோம். மறுமுனையில் சற்று அமைதி. "மாப்பிள்ளைக்குச் சர்க்கரையாச்சே?" "அதற்கு இடம் வைத்திருக்கிறோம் உம்மா." இடம் என்றால் என்னவென்று அவர்கள் கேட்கவில்லை. "மணிக்கட்டு வலிக்குது, முட்டை அடிக்க முடியாது. வந்து அடிச்சுக் கொடுங்க" என்றார்கள்.

தலைப்பிறை இரவில் அடித்துக் கொடுத்தோம். முட்டை பத்து: 700 கலோரி. கருப்பட்டி 400 கிராம், கரைத்து வடிகட்டியது: 1,500. தேங்காய் ஒன்றின் கெட்டிப் பால்: 500. முந்திரி, நெய்: 400. ஏலக்காய்க்குக் கணக்கில்லை. ஆகமொத்தம் 3,100. பதினாறு துண்டு போட்டால் ஒன்றுக்கு 200க்குச் சற்றுக் குறைவு. முந்திய ஆண்டு ஒரு மாதத்தில் எண்ணெயாகவும் பாகாகவும் நாங்கள் தொலைத்த 12,750ஐ இதனால் வகுத்துப் பார்த்தோம். நான்கு சட்டி வட்டலப்பம், அறுபத்தைந்து துண்டுகள். இரண்டே துண்டுகளைத்தான் அன்று நாங்கள் மறுத்திருந்தோம்.

இலங்கையில் இதையே கித்துல் கருப்பட்டியில் செய்வார்கள். அதன் சுவை தனி. எங்கள் வீட்டில் பனங்கருப்பட்டிதான். நீராவியில் முக்கால் மணி நேரம் அவிந்து, ஓர ஆடை சற்றே சட்டியை விட்டு விலகியதும் உம்மா இறக்கச் சொன்னார்கள். குச்சி விட்டுப் பார்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு, "வாசம் சொல்லலையா?" என்றார்கள்.

காலையில் சென்னையிலிருந்து கொண்டுபோன சிறு தராசை எடுத்து வைத்தோம். துண்டுக்கு 75 கிராம். உம்மா சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இது என்ன, நகைக்கடையா?" என்றார்கள். ஆளுக்கு ஒன்று. காலை இட்லியும் இடியாப்பமும் அன்று எங்களுக்கு இல்லை. முட்டையும் கறியும் மட்டும். பிஸ்மில்லாஹ் சொல்லி, அமர்ந்து, பேசாமல் உண்டோம். கால் மணி நேரமானது. உள்ளே சிறு சிறு துளைகள், அவற்றில் பாகு. ஒரு துண்டு வட்டலப்பத்தை அவ்வளவு நேரம் எடுத்து நாங்கள் அதற்குமுன் உண்டதில்லை.

"இனிப்புக் கூடிப்போச்சா?" என்று உம்மா கேட்டார்கள். இல்லை என்றோம். பழக்கத்தால் இரண்டாம் துண்டை எடுத்த கை, தட்டுக்கு மேலே சற்று நின்று, பாதியாக வெட்டியது. பிறகு அந்தப் பாதியையும் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 186. எண்ணைக் கேட்ட உம்மா, "அது நல்ல நம்பரா?" என்றார்கள். மிக நல்லதில்லை, ஆனால் பரவாயில்லை என்றோம். அவர்கள் அதற்குள், மீதமிருந்த பதின்மூன்று துண்டுகளையும் மீந்த அரையையும் எந்தெந்த வீட்டுக்கு அனுப்புவது என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருந்தார்கள்.